1987-இல் கட்டிய வீடு: ஒயரிங் முழுவதும் மாற்றுவதா, மெயின் பாக்ஸ் மட்டும் போதுமா?

கோமதி, பாளையங்கோட்டை

வணக்கம். அப்பா 1987-இல் கட்டிய வீடு. 1,050 சதுர அடி, கான்கிரீட் தளம், ஒயரெல்லாம் சுவருக்குள் பைப்பில் போகிறது. கீழே அம்மாவும் நானும். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம், அதற்குத் தனி மீட்டர். கீழ் வீட்டில் இன்னமும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். மரப்பெட்டிமேல் சன்மைக்கா ஒட்டிய போர்டு, கறுப்பு சுவிட்ச். ஃபியூஸ் போனால் கம்பி சுற்றிப் போடுவது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலை.

இப்போது மூன்று தொல்லை. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கை பட்டால் சுர்ரென்கிறது. தரை துடைத்த ஈரத்தில் நின்றால் இன்னும் அதிகம். கிரைண்டரைப் போட்டால் ஹாலில் டியூப்லைட் மங்குகிறது. கீசர் பிளக்கின் ஒரு கால் கறுத்து, சாக்கெட்டும் லேசாக உருகியிருக்கிறது. இதற்கிடையில் படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசி வாங்கலாம் என்று ஓர் எண்ணம்.

மூன்று எலக்ட்ரீஷியன்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாமவர் ஹாலின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். “மொத்தமா மாத்திரணும் மேடம், சதுர அடிக்கு 160” என்றார். பொருளும் கூலியும் சேர்த்து 1,68,000 ரூபாய். என்ன ஒயர் என்று கேட்டால் “நல்ல கம்பெனி ஒயர்தான்” என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. இரண்டாமவர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். ஒயரிங் நன்றாகத்தான் இருக்கிறது, மெயின் பாக்ஸை மட்டும் மாற்றி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடும் கருவி) போட்டால் ஷாக் அடிக்காது, 22,000 ஆகும் என்றார். மூன்றாமவர் பாயிண்ட் கணக்கு: லைட், ஃபேன், சின்ன பிளக் 46 பாயிண்ட், ஒன்றுக்கு 280, பவர் பாயிண்ட் 7, ஒன்றுக்கு 450. பொருள் நாங்கள் வாங்கித் தர வேண்டும். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்!

22,000-க்கும் 1,68,000-க்கும் நடுவில் எதை நம்புவது? சுவரை உடைக்க அம்மா சம்மதிக்க மாட்டார். போன வருஷம்தான் பெயின்ட் அடித்தோம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க வீட்டில் நின்று மேற்பார்வை பார்க்கவும் முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகிழ், மதுரை

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. ஆர்சிசிபி போட்டுவிட்டால் எர்த்தே தேவையில்லை, பட்டென்று சுவிட்ச் விழுந்து கரண்ட் நின்றுவிடும். மிச்சம் பிடிக்கிற பணத்தில் ஏசி வாங்குங்கள். முதல் ஆள் உங்களைப் பார்த்ததும் வீட்டைப் பார்க்கவில்லை, வசதியைப் பார்த்திருக்கிறார்.

பழைய ஒயர்மேன், தூத்துக்குடி

தங்கச்சி, விலையைப் பிறகு பேசுவோம். முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கிரைண்டர் ஓடும்போது ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் கூடுகிறதா? கையை வைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு டெஸ்டரை ஃபிரிட்ஜின் பெயின்ட் இல்லாத ஸ்குரூவில் வைத்து, கிரைண்டரைப் போட்டு நிறுத்திப் பாருங்கள். விளக்கின் வெளிச்சம் கூடிக் குறைந்தால் உங்கள் மூன்று தொல்லையில் இரண்டு ஒரே தொல்லைதான்.

ஏன் கேட்கிறேன் என்றால், பழைய வீடுகளில் எர்த் கம்பி செத்துப்போயிருக்கும், அல்லது அந்தச் சாக்கெட் வரைக்கும் வந்தே இருக்காது. மூன்று கால் பிளக்குக்கு எர்த் வேண்டுமே என்று யாரோ ஒரு புண்ணியவான் சாக்கெட்டுக்குள்ளேயே எர்த் காலையும் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போயிருப்பார். டெஸ்ட் லாம்ப் வைத்தால் நன்றாக எரியும். வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஆனால் அன்றிலிருந்து ஃபிரிட்ஜின் உடம்பு நியூட்ரலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெயினில் நியூட்ரல் இறுக்கமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது லூஸானால், லோடு ஏறும்போதெல்லாம் நியூட்ரலிலேயே வோல்டேஜ் ஏறும். லைட் மங்கும், ஃபிரிட்ஜ் சுர்ரென்கும். நியூட்ரல் முழுதாக விட்டுப்போனால் 230 வோல்ட்டும் ஃபிரிட்ஜ் உடம்பில் வந்து நிற்கும். அடுப்படியில் ஈரத்தரை, வெறுங்கால். மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஃபிரிட்ஜ் சாக்கெட்டை இன்றைக்கே ஒருவரைக் கூப்பிட்டு, மெயினை இறக்கி, திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த இணைப்புத் துண்டு, அதாவது லூப், இருந்தால் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு அந்தச் சாக்கெட்டில் எர்த்தே இருக்காது. அதுவரை வேறு இடத்தில் நல்ல எர்த் உள்ள பிளக் இருந்தால் ஃபிரிட்ஜை அங்கே தள்ளுங்கள். மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

இப்போது மகிழ் தம்பி சொன்னதற்கு வருகிறேன். எர்த் இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் எப்போது? கரண்ட் ஒரு ஆளின் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும்போது. அந்த ஆள் உங்கள் அம்மாவாக இருக்கலாம். எர்த் இருந்தால், ஃபிரிட்ஜுக்குள் ஒயர் லீக் ஆன நொடியிலேயே, யாரும் தொடுவதற்கு முன்பே விழும். இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்கக் கூடாது.

அந்த 22,000 ரூபாய் வேலை உங்கள் வீட்டில் எப்படி முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். புதுப் பாக்ஸ் மாட்டி, ஆர்சிசிபியைத் தூக்கினால் நிற்காது. சாக்கெட்டுக்குள் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருந்து, எர்த்துக்குத் தரைத் தொடர்பும் இருந்தால் விழும். மாடிக்குத் தனி மீட்டர் என்கிறீர்கள். 1987-இல் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒயர் இழுத்திருந்தால், மாடிப்படி லைட்டுக்கோ மொட்டை மாடி லைட்டுக்கோ கீழ் வீட்டு நியூட்ரல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் விழும். இன்வெர்ட்டருக்குக் கரண்டை ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்து, அதன் லைட்டுகளின் நியூட்ரலைப் பின்னால் சேர்த்திருந்தால் அதற்கும் விழும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் அந்தக் கருவியின் ஒரே வேலை. நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால் அதற்கு லீக் என்றுதான் தெரியும். பையன் இரவு எட்டு மணிவரை தேடுவான். கிடைக்காது. அம்மா விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பார். கடைசியில் உள்ளே வருகிற ஒயரையும் வெளியே போகிற ஒயரையும் நேராகச் சேர்த்துவிட்டு, கருவியை அழகுக்கு வைத்துவிட்டுப் போவான். நீங்கள் 22,000 கொடுத்து நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

முதல் ஆளும் தப்பு. 1987 என்றாலே மாற்றணும் என்று ஒரு சட்டமும் இல்லை. காப்பர் ஒயர், வெயில் படாத பைப், லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடுகிற லைன் என்றால் இன்னும் பல வருஷம் நிற்கலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் பவர் லைனும், ஜாயின்ட் போட்ட இடங்களும். அதை நின்ற இடத்தில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மெக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது, ஒயரின் காப்பு (கரண்டைக் கசியவிடாத மேலுறை) நன்றாக இருக்கிறதா என்று அளப்பது. கரண்டை இறக்கி, எல்லாப் பொருளையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனையும் அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனின் காப்பு போய்விட்டது. பத்து, இருபது என்று வந்தால் தொடவே வேண்டாம். மெக்கர் இல்லாத ஆள் வீடு முழுக்க மாற்றச் சொன்னாலும் நம்பாதீர்கள், ஒன்றும் வேண்டாம் என்றாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, விலையில் பெரிய வித்தியாசம் ஒயரால் வருவதில்லை, சுவரால் வருகிறது. பைப் நன்றாக இருந்தால் பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். பைப் நசுங்கியோ, சிமெண்ட் பால் இறங்கி அடைத்தோ இருந்தால் வராது; அப்போதுதான் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்ட வேண்டும், கொத்தனார் வேண்டும், பெயின்ட் வேண்டும். ஆகவே விலை பேசுவதற்கு முன் ஹாலில் ஒரு பைப், அடுப்படியில் ஒரு பைப் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலி கேட்டால் கொடுங்கள்.

ஒயர் நிறத்தையும் பாருங்கள். பழைய ஆட்கள் ஒயர் அளவை 3/22, 7/22, 7/20 என்று சொன்ன காலத்து வீடு உங்களுடையது. சுரண்டினால் செம்பு நிறமா, வெள்ளையா? வெள்ளை என்றால் அலுமினியம். அது ஸ்குரூவுக்கு அடியில் நாளடைவில் அமுங்கிக்கொடுக்கும், மேலே ஆக்சைடு படியும், செம்போடு சேர்கிற இடத்தில் சீக்கிரம் கெடும். லூஸ் நியூட்ரலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது மீட்டரிலிருந்து மெயின் வரைக்கும் வருகிற ஒயர்தான். மீட்டருக்குப் பின்னால் என்றால் உங்கள் செலவு. மீட்டர், அதற்கு முன்னால் உள்ள சர்வீஸ் ஒயர் என்றால் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மீட்டர் சீலை எந்த எலக்ட்ரீஷியனும் தொடக் கூடாது, ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று சொன்னாலும்.

கீசருக்கு வருவோம். 2,000 வாட் கீசர் இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் சாக்கெட் அதற்கு உருகக் கூடாது. உருகியிருக்கிறது என்றால் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்துபோய்விட்டது, அல்லது பின்னால் ஸ்குரூ லூஸ். சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைக் கெடுக்கும். ஏசிக்கு எப்படியும் மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன், நாலு ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்). ஏசி, மோட்டார் இரண்டுக்கும் சி கர்வ் எம்சிபி கேளுங்கள், ஸ்டார்ட் ஆகும்போது சும்மா விழாது. எம்சிபி காப்பாற்றுவது ஒயரைத்தான். அடிக்கடி விழுகிறது என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போடுகிற ஆளை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கூலிக்கு என் கருத்து: பாயிண்ட் கணக்குதான் நல்லது. சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குச் சரி, பழைய வீட்டுக்கு அர்த்தமில்லை. நாள் கூலியில் ரிப்பேர் பார்க்கலாம், ஒயரிங் பார்க்கக் கூடாது. மூன்றாமவர் சொன்ன கணக்குப்படி பார்த்தால் 46 பாயிண்ட்டுக்கு 12,880, பவருக்கு 3,150, ஆக 16,030. மெயின் பாக்ஸ் மாட்டத் தனியாக ஏதாவது கேட்பார். உங்கள் பக்கத்துக்கு அது அநியாயமில்லை. அவர் கடை பெயர் எழுதிக் கொடுத்ததை மட்டும் வைத்து அவரைத் தள்ளிவிடாதீர்கள். எல்லோருக்கும் ஒரு கடை இருக்கும்.

ஆளின் லைசென்ஸைக் கேளுங்கள். ஹெச், பி, சி என்று மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கிற சான்று. ஹெச் என்றால் உதவியாளர், பி ஒயர்மேன், சி சூப்பர்வைசர். சான்று இருந்தால் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை, எனக்குத் தெரிந்த அருமையான வேலைக்காரர்கள் இரண்டு பேரிடம் அது கிடையாது. ஆனால் கேட்கிற வீட்டில் கொஞ்சம் ஒழுங்காக வேலை நடக்கும்.

நித்யா, ஈரோடு

ஒயர்மேன் ஐயா டெக்னிக்கலாக எல்லாம் சொல்லிவிட்டார், நான் பணத்தை மட்டும் சொல்கிறேன். எங்கள் மாமனார் வீட்டில் இதே மாதிரி வேலையைப் போன தீபாவளிக்கு முன்னால் முடித்தோம்.

பாயிண்ட் என்றால் என்ன என்று முதலில் பேப்பரில் எழுதி வாங்குங்கள். எங்கள் ஆள் மாடிப்படி லைட்டுக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் என்பதால் இரண்டு பாயிண்ட் என்றார். சுவிட்ச் போர்டிலேயே இருக்கிற சின்ன பிளக்கும் ஒரு முழு பாயிண்ட் என்றார். காலிங் பெல்லும் அப்படியே. ஒரே சுவிட்சில் இரண்டு லைட் எரிந்தால் அது இரண்டு. சொன்னது 52, பில்லில் 71. சண்டை போட்டு 60-இல் நின்றோம். இதெல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஒரு வழக்கம். முதலிலேயே வீட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொன்றாகக் காட்டி, அறை அறையாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை.

அடுத்தது பொருள். ஒயரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் விலை யாரும் கொடுக்கிற விலை இல்லை. எங்களுக்கு அதில் 30 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் கொடுத்தார்கள், அதுவும் நான்கு கடையில் ஒரே லிஸ்ட்டைக் காட்டிக் கேட்ட பிறகு. எலக்ட்ரீஷியனோடு போனால் அந்தத் தள்ளுபடியில் ஒரு பங்கு அவருக்குப் போகும். சில கம்பெனிகள் பெட்டிக்குள்ளேயே எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கூப்பன் வைக்கின்றன. அதை அவரே எடுத்துக்கொள்ளட்டும், அதில் போய்க் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒயரின் மேலேயே இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 694 என்றும் சிஎம்/எல் என்று தொடங்குகிற உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும்; பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு உரியது என்று காட்டும். சுருள் 90 மீட்டர். பாதி சுருளை ‘மீதி’ என்று வண்டியில் ஏற்றிவிடுவார்கள், அதையும் பேசி வையுங்கள்.

பழைய காப்பரை மறக்காதீர்கள்! கழற்றின ஒயர் மூட்டையாக வாசலில் கிடக்கும், சாயங்காலம் பார்த்தால் இருக்காது. காயலான் கடையில் காப்பருக்கு நல்ல விலை. எங்கள் வீட்டில் அது கூலியில் கழிவு என்று முன்னாலேயே பேசியதால் ஒரு வம்பும் இல்லை.

கடைசியாக, யாருடைய எஸ்டிமேட்டிலும் வராத செலவு கொத்தனாரும் பெயின்டரும். நாங்கள் மூன்று அறைகளில் காடி வெட்டினோம். பூச்சு, பட்டி, இரண்டு கை பெயின்ட் எல்லாம் சேர்ந்து 38,000. எலக்ட்ரீஷியனின் மொத்தக் கூலியைவிட அது அதிகம். வெட்டின தூசி பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், மாமியாரின் சேலை அலமாரிக்குள்ளேயும் இருந்தது.

மகிழ், மதுரை

ஐயா, ஆர்சிசிபி விழும் காரணங்களை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழவில்லை. ஒயரை நேராகச் சேர்த்திருப்பார்களோ?

பழைய ஒயர்மேன், தூத்துக்குடி

சேர்த்திருக்கலாம், அல்லது கருவியே பழுதாக இருக்கலாம். பட்டனை அழுத்தியும் விழவில்லை என்றால் அந்தக் கருவி இல்லாத வீடு என்றே நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மூடியைக் கழற்றிப் பார்க்கிற வேலை உங்களுடையது இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள். சரியானதும் மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எங்கள் ஊர் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் உள்ளே இருக்கிற பொறி துருவேறிச் சிக்கிக்கொள்ளும்.

கோமதி, பாளையங்கோட்டை

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. டெஸ்டரை வைத்துக் கிரைண்டரைப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது, நிறுத்தியதும் மங்கியது. மெயினை இறக்கிச் சாக்கெட்டைத் திறந்தால் எர்த் காலிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு சின்ன மஞ்சள் ஒயர் துண்டு. அதை எடுத்தாகிவிட்டது. ஃபிரிட்ஜை ஹாலுக்குத் தள்ளலாம் என்றால் ஹால் சாக்கெட்டிலும் எர்த் இல்லை. ஃபேஸுக்கும் (கரண்ட் வருகிற கம்பி) எர்த் காலுக்கும் நடுவில் குண்டு பல்பு வைத்துப் பார்த்தார்கள், எரியவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் எர்த் குழி இருந்ததாம். 2004-இல் அங்கே சிமெண்ட் தளம் போட்டபோது மூடிவிட்டார்கள் என்று அம்மா இப்போது சொல்கிறார். ஆக இப்போதைக்கு ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டோம். பால், தயிர் எல்லாம் மாடி வீட்டில்.

மெக்கர் வைத்திருக்கும் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கேட்டால் “அதெல்லாம் ஃபேக்டரிக்கு மேடம்” என்கிறார்கள். கடைசியில் அந்த மூன்றாமவரே தனக்குத் தெரிந்த ஒருவரிடம் வாங்கிக்கொண்டு வந்தார். அளப்பதற்கு 800 ரூபாய் வாங்கிக்கொண்டார், வேலை அவருக்கே கொடுத்தால் கழித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். லைட் லைன்கள் இரண்டும் 12, 18 மெகா ஓம். அடுப்படி, குளியலறை பவர் லைன் 0.2. இன்வெர்ட்டர் லைன் தனியாக 9. லைட்டுக்குச் செம்பு ஒயர்தான். மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வருவது மட்டும் அலுமினியம். மெயின் சுவிட்சில் நியூட்ரல் ஸ்குரூவைத் தொட்டதும் ஒயரே ஆடியது. மொட்டை மாடி லைட்டுக்கு எங்கள் நியூட்ரல் போவதையும் கண்டுபிடித்துக் காட்டினார். சுவிட்ச் மாடி வீட்டில், ஃபேஸ் அவர்கள் மீட்டர், நியூட்ரல் எங்களுடையது!

ஹால் பைப்பில் ஒயர் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அடுப்படியில் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

அவரிடமே வேலையைக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். லைட் லைனைத் தொடவில்லை. மீட்டரிலிருந்து மெயினுக்குப் புதுக் காப்பர், புது மெயின் பாக்ஸ், எர்த் குழி, ஏசிக்குத் தனி லைன், அடுப்படிக்கும் குளியலறைக்கும் புது பவர் லைன், எல்லா பிளக்குக்கும் எர்த் ஒயர், மொட்டை மாடி நியூட்ரலைப் பிரிப்பது. பாயிண்ட்டுகளை நித்யா சொன்ன மாதிரி நடந்து காட்டி எழுதி வாங்கினேன். பொருள், கூலி, குழி எல்லாம் சேர்த்து 61,000 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய ஒயர் அவருக்கு.

மூன்று சந்தேகம் பாக்கி. அடுப்படியில் சுவரை வெட்டாமல் மேலே கேசிங் கேப்பிங்கில் (சுவர்மேல் பதிக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை) கொண்டுபோகலாம் என்கிறார், சரியா? 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கான ஆர்சிசிபி சும்மா சும்மா விழும், 100 போடலாம் என்கிறார். அப்புறம் எர்த் குழியை எங்கே வெட்டுவது? பின்பக்கம் முழுக்கச் சிமெண்ட், பக்கவாட்டில் ஒரு முருங்கை மரத்தடி இருக்கிறது.

பழைய ஒயர்மேன், தூத்துக்குடி

61,000 நியாயமான தொகை. அளந்து பார்த்துவிட்டுச் சொன்ன விலை, அதுவே பாதி நிம்மதி.

கேசிங் கேப்பிங் தாராளமாகப் போடலாம். பார்ப்பதற்குக் கொஞ்சம் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். அடுப்புக்கு நேர் மேலேயும் குழாய்க்குப் பக்கத்திலும் போகாமல், கூரையை ஒட்டிக் கொண்டுபோய், சாக்கெட் இருக்கிற இடத்தில் நேராக இறக்கச் சொல்லுங்கள். பல்லி, கரப்பான் உள்ளே போகாமல் முனைகளை மூட வேண்டும். நாளைக்கு ஒரு லைன் கூடுதலாக வேண்டுமென்றால் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம், வெட்டின சுவரில் அது நடக்காது.

100 வேண்டாம். மனித உயிருக்கு 30 தான். 100, 300 எல்லாம் ஒயர் லீக்காகித் தீப்பிடிப்பதைத் தடுக்க, பெரிய கட்டடங்களில் மெயினுக்குப் போடுவது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இயல்பாகவே கொஞ்சம் கசிவு உண்டு, ஆனால் உங்கள் வீட்டு அளவுக்கு அது சேர்ந்தாலும் 30-ஐத் தொடாது. 30 விழுகிறது என்றால் எங்கோ தப்பு இருக்கிறது, தேடச் சொல்லுங்கள். மொட்டை மாடி நியூட்ரலைப் பிரித்து, சாக்கெட் லூப்பெல்லாம் எடுத்துவிட்டால் அவரே ஆச்சரியப்படுவார். மற்ற சாக்கெட்டுகளிலும் அந்த மஞ்சள் துண்டு இருக்கும், ஒன்று விடாமல் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டருக்கு உள்ளே போகிற லைனும் அதிலிருந்து வருகிற லைட்டுகளின் நியூட்ரலும் ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு ஆர்சிசிபி போடலாம், லைட்டுக்கு ஒன்று, பவருக்கு ஒன்று. அப்படிப் போட்டால் இரண்டின் நியூட்ரலுக்கும் தனித்தனி பார் (ஒயர்களைச் சேர்த்து இணைக்கும் பட்டை) வேண்டும். அடுப்படியில் ஏதாவது விழுந்தாலும் அம்மா இருட்டில் தடுமாற மாட்டார். செலவு இரண்டாயிரம் சொச்சம் கூடும்.

மீட்டரிலிருந்து வருகிற ஒயரை மாற்ற மீட்டர் மூடியைத் திறக்க வேண்டியிருக்கும். அதை வாரியத்து ஆள் வந்துதான் செய்ய வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு அதற்காகக் காத்திருந்தால் கூலி ஓடும்.

எர்த் குழிக்கு முருங்கை மரத்தடி நல்ல இடம், ஈரம் இருக்கும். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். இரண்டரை மீட்டர் நீள ஜிஐ பைப் நேராக முழுதும் இறங்க வேண்டும். பாறை தட்டியது என்று ஒரு மீட்டரில் வெட்டிப் புதைத்துவிட்டு வருவார்கள், இறக்கும்போது நீங்களோ அம்மாவோ பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் ஊரில் பல இடங்களில் பாறை உண்டு, அப்படித் தட்டினால் இடத்தைத் தள்ளிப் பார்க்கலாம். மேலே சின்னத் தொட்டி கட்டி, மூடி போட்டு, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வசதி செய்துகொள்ளுங்கள். சிமெண்ட் போட்டு மூடிவிட வேண்டாம் என்று இந்த முறை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரில் அளந்து 5 ஓமுக்குள் இருந்தால் கடைசித் தவணையைக் கொடுங்கள். மெக்கர் இரவல் கொடுத்தவரிடமே அந்தக் கருவியும் இருக்கும், கேட்கச் சொல்லுங்கள்.